பொறியை இயக்கத் தெரிந்தவர் பொறியில் விழுவது ஏன்?

எமது வீடுகளில் இன்று ஒரு புதுமையைக் காண்கிறோம். பேரப்பிள்ளை கைபேசியை எடுத்து மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துகிறான். கனடாவிலுள்ள மாமாவைத் திரையில் வரவழைக்கிறான். வங்கிக் கணக்கைத் திறந்து மீதியைச் சொல்கிறான். அப்பப்பாவும் அம்மம்மாவும் பக்கத்திலிருந்து பார்த்து, "இவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை" என்று வியக்கிறார்கள். பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறான். பெரியவர்களோ தமக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டி, வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இவ்விரண்டு முடிவுகளும் தவறானவை. கருவியை இயக்கும் அறிவு வேறு. அக்கருவியின் மறுமுனையில் நிற்கும் மனிதனை அறியும் அறிவு வேறு. முன்னையதைத் தொழில்நுட்ப அறிவு என்றும், பின்னையதைப் பட்டறிவு அல்லது உலக அனுபவம் என்றும் சொல்லலாம். இவற்றுள் ஒன்று மாத்திரம் இருந்தால் என்ன நேரும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இரண்டு அறிவுகளின் இயல்பு

இயந்திரம் விதிக்குக் கட்டுப்பட்டது. இந்தப் பொத்தானை அழுத்தினால் இன்னது நடக்கும் என்பதை ஒருமுறை கற்றால் போதும். மனிதன் அப்படியல்லன். அவனுக்கு நோக்கம் உண்டு. சிரித்துக்கொண்டே பொய் சொல்லவும் அவனால் முடியும். ஆகவே தொழில்நுட்ப அறிவு "எப்படிச் செய்வது?" என்று கேட்கிறது. பட்டறிவோ "இவர் யார்? ஏன் எனக்கு இதைத் தருகிறார்? பிழைத்துப்போனால் என் கதி என்ன?" என்று கேட்கிறது. முதற் கேள்விக்கு விடை தெரிந்த பலர் மற்ற மூன்றையும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

2. கணனி தெரிந்தவர்கள் கைதிகளான கதை

அண்மைக் கால வரலாற்றில் இதற்கு வேதனையான சான்று ஒன்று உண்டு. மியன்மாரில் தாய்லாந்து எல்லையோரமாக மியாவாடி என்னும் பகுதியில் இணைய மோசடி முகாம்கள் இயங்கிவந்தன. கணனி வேலை, பெருஞ் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி, டுபாய் வழியாகவும் தாய்லாந்து வழியாகவும் சென்ற இலங்கை இளைஞர் பலர் அங்கு அடைபட்டனர். போலிப் பெயரில் பிறநாட்டவருடன் காதல் பேசியும், நட்புப் பேசியும் பணம் கறக்குமாறு அவர்கள் பலவந்தப்படுத்தப்பட்டனர். மறுத்தவர்கள் வதைக்கப்பட்டனர். 2024ஆம் ஆண்டில் அவர்களிற் பலர் பல தடவைகளில் மீட்கப்பட்டு நாடு திரும்பினர்.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. இவர்களிற் பலர் நன்கு படித்தவர்கள், பல மொழி அறிந்தவர்கள், கணனி தெரிந்தவர்கள் என்பதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. கணனி தெரியாதவனால் அம்முகாம்களுக்குப் பயனில்லை. ஆகவே அவர்களுடைய திறமையே அவர்களைப் பிடிக்கும் தூண்டிலாயிற்று.

சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு தாயிடம் அந்த வேலை விளம்பரத்தைக் காட்டியிருந்தால் என்ன கேட்டிருப்பார்? "முன்பின் தெரியாத உனக்கு ஏன் இவ்வளவு சம்பளம்? வேலைக்குப் போகிறவனுக்கு ஏன் சுற்றுலா விசா? இதற்கு முன் போய்த் திரும்பி வந்த ஒருவரைக் காட்டு பார்ப்போம்" என்றுதான் கேட்டிருப்பார். இந்த மூன்று கேள்விகளுக்கும் கணனிப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் ஓர் உயிரைக் காக்க இவை போதும்.

3. பூட்டை விட்டுக் காவலனைப் பிடித்தவர்

அமெரிக்காவில் கணனி வலையமைப்புகளுக்குள் அத்துமீறி நுழைந்து பெயர்பெற்ற கெவின் மிற்னிக் என்பவர் 1995இல் கைதுசெய்யப்பட்டார். தண்டனையை அனுபவித்து வெளிவந்தபின், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க செனற் சபையின் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தார். ஆட்களைப் பேச்சால் ஏமாற்றியே தான் பெரும்பாலும் காரியத்தைச் சாதித்ததாகவும், தொழில்நுட்பத் தாக்குதல் அரிதாகவே தேவைப்பட்டதாகவும் அவர் கூறினார். நிறுவனங்கள் பெரும் பணம் செலவிட்டுப் பூட்டுகளை அமைத்தன; அவரோ தொலைபேசியில் ஒரு சக ஊழியரைப்போலப் பேசித் திறப்பைக் கேட்டு வாங்கினார். இன்று எமது கைபேசிக்கு வரும் மோசடி அழைப்புகளும் இதே வழியையே பின்பற்றுகின்றன.

4. பட்டறிவு மாத்திரம் போதுமா?

அப்படியாயின் படிப்பு வேண்டாம், அனுபவம் போதும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. மீனின் செவுளைத் திறந்து பார்த்து அது எப்போது பிடிபட்டதென்று சொல்லக்கூடிய வியாபாரியும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒரு குரலுக்கு இரகசிய இலக்கத்தைச் சொல்லிவிடுகிறார். ஏன்? அவர் ஆளை எடைபோடுவது முகத்தையும் நடையையும் கண்ணையும் பார்த்தாகும். தொலைபேசியில் இவையெல்லாம் மறைந்துபோகின்றன. திரையில் தோன்றும் இலக்கத்தைப் போலியாக அமைக்கலாம். செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மகனின் குரலைக்கூட இன்று போலியாக உருவாக்கலாம்.

கைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. எனப்படும் ஒருதடவை இலக்கம், பெட்டகத்தின் திறப்பைப் போன்றது என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. பணம் பெறுவதற்கு அந்த இலக்கம் தேவையில்லை. பணம் வெளியே போவதற்கே தேவை. இந்த ஒரு தொழில்நுட்ப உண்மையை அறிந்திருந்தால், அவருடைய அனுபவமே மிகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

5. கண்ணும் கல்வியும்

2012ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மோற்றன் குடாவில், யப்பானிய மாணவர் மூவர் ஒரு தீவுக்குக் காரோட்டிச் செல்ல முயன்றனர். வழிகாட்டிக் கருவி பாதை உண்டென்று காட்டியது. இடையிலிருந்த கடலை அது காட்டவில்லை. கார் சேற்றிற் புதைந்தது; ஆட்கள் தப்பினர். கருவியை நம்பியவர்கள் கண்ணை நம்பவில்லை.

இதற்கு நேர்மாறான இரண்டு நிகழ்ச்சிகள், எமது கரையோரங்களும் பேரழிவைச் சந்தித்த 2004 டிசம்பர் 26ஆம் திகதியன்று நடந்தன. சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள சிமெலுவே தீவில், 1907ஆம் ஆண்டுக் கடற்கோளைப் பற்றிப் பாட்டன் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். பெரிய நிலநடுக்கம் வந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அந்தப் பாடம். ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் கடலுக்குப் பலியானவர்கள் 7 பேர் மாத்திரமே. அதே நாள் தாய்லாந்தின் புக்கெற் கடற்கரையில், ரில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற அறிகுறிகளைக் கடலிற் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையில் நின்றவர்கள் உயிர் தப்பினர்.

ஓரிடத்தில் பாட்டி சொன்ன பாடம் காத்தது. மற்றோரிடத்தில் பள்ளியிற் கற்ற பாடம் காத்தது. இரண்டு இடத்திலும் பொதுவானது யாதெனில், அறிந்ததைக் கண் முன்னே கண்டதோடு பொருத்திப் பார்த்து, உடனே செயற்பட்டமையாகும். சிறுமியின் சொல்லைப் பெரியவர்கள் கேட்டார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் ஏட்டிற் கற்றதைத் தோட்டத்தில் நட்டால் அது காய்க்கும்.

6. வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

அ) "இப்போதே செய், ஒருவருக்கும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் அங்கே நின்றுவிடுங்கள். அவசரமும் இரகசியமும் சேர்ந்து வருமிடத்தில் பெரும்பாலும் வஞ்சகம் இருக்கும்.

ஆ) வங்கியிலிருந்தோ பொலிசிலிருந்தோ உறவினரிடமிருந்தோ பணம் கேட்டு அழைப்பு வந்தால், அதைத் துண்டித்துவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

இ) ஒருதடவை இலக்கத்தை எவருக்கும் சொல்லவேண்டாம். வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் சொல்லவேண்டாம்.

ஈ) வெளிநாட்டு வேலை என்றால், முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1989. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

உ) ஆட்களைச் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன கதைகளை அறிந்த பெரியவர்கள், இவற்றைப் பற்றிப் பிள்ளைகளுடன் பேசவேண்டும்.

ஊ) ஏமாந்தவரை ஏளனம் செய்யாதீர்கள். வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் திருடனுக்கே இலாபம். முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை முடக்குங்கள்.

7. கற்பிப்பது எப்படி?

பட்டறிவு புத்தகத்தில் வராது. பிள்ளையைச் சந்தைக்கு அனுப்புங்கள். பேரம் பேசட்டும், மிச்சக் காசை எண்ணி வாங்கட்டும். தபாற் கந்தோருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனியே போய் ஒரு காரியத்தை முடித்து வரட்டும். சிறு தொகையில் ஏமாந்தாலும் குற்றமில்லை. பெருந்தொகையில் ஏமாறாதிருக்க அது பாடமாகும். பெரியவர்களும் வாரத்துக்கு ஒரு விடயத்தையாவது பிள்ளைகளிடம் கேட்டுக் கற்கட்டும். கேட்பதால் மதிப்புக் குறையாது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. கடந்த மாதத்தில் எமது வீட்டுக் கைபேசிகளுக்குச் சந்தேகமான அழைப்போ செய்தியோ வந்ததா? அப்போது என்ன செய்தோம்?

2. வெளிநாட்டில் வேலை தருவதாக ஒருவர் இன்று வந்தால், அவரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் எவை?

3. பெரியவர்கள் பிள்ளைகளிடமும், பிள்ளைகள் பெரியவர்களிடமும் இந்த வாரம் கற்கவேண்டிய ஒவ்வொரு விடயத்தைத் தெரிவுசெய்து, இரவுணவின்போது சொல்லுங்கள்.