பால்வாடிக்குப் புதிதாகப் போகும் டீச்சருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திருவையாறு பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக ஆணை வந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஊர்க்காரர்கள் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு நீ டீச்சர்.

நீ சேர்வது ஜூன் மாதம். வழக்கப்படி 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால், சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அதன் பிறகு நாற்றங்கால், நாற்றுப் பறி, குறுவை நடவு என்று டெல்டாவில் பெண்களுக்கு ஓய்வே இருக்காது. புதுப் பிள்ளைகள் சேருவதும் இந்த நாட்களில்தான். நடவுக்கு நேரமாகிறதே என்று தவிக்கும் அம்மாவையும், அவள் முந்தானையை விடாத மூன்று வயதுப் பிள்ளையையும் வாசலிலேயே பார்ப்பாய். “அம்மா கடைக்குப் போயிருக்கு, இதோ வந்துரும்” என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா சொல்லாமல் நழுவிப் போவதும் வேண்டாம். “அம்மா நடவுக்குப் போவுது. நீ சோறு சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்து கூட்டிக்கிட்டுப் போவும்” என்று நடக்கப்போவதைச் சொல். மணி தெரியாத பிள்ளைக்கு சோறும் தூக்கமும்தான் கடிகாரம். நாலைந்து நாள் சொன்னபடியே நடந்துவிட்டால், அழுகை தானாகக் குறையும்.

அடுத்தது சண்டை. இரண்டு பேருக்கும் ஒரே சொப்புச் சட்டிதான் வேண்டும். ஒருத்தி இழுக்கிறாள், மற்றவன் கடிக்கப் போகிறான். சட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டால் சத்தம் அடங்கும். ஆனால் அவர்கள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். அடி விழாமல் முதலில் கையைத் தடு. பிறகு தரையில் அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து, சட்டியை உன் கையில் வைத்துக்கொள். “ஒனக்குக் கோவம் வந்துருச்சு, அவனுக்கு அழுகை வந்துருச்சு” என்று அவர்கள் மனதில் இருப்பதைச் சொல். “நாந்தான் மொதல்ல எடுத்தேன்” என்பது போன்ற நியாயங்கள் வரும். இரண்டு பக்கத்தையும் கேள். கேட்டபின், “சட்டி ஒண்ணுதான் இருக்கு, என்ன பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். “நான் சோறாக்குறேன், அவன் கொழம்பு வைக்கட்டும்” என்கிற மாதிரி ஒரு யோசனை அவர்களிடமிருந்தே வரும். “ஸாரி சொல்லு” என்று கட்டாயப்படுத்தாதே. காய் விட்டவர்களுக்குப் பழம் விடவும் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, எழுத்து எப்போது சொல்லிக் கொடுப்பது என்று உனக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் பெர்ரி மழலையர் பள்ளியில் இடம் கொடுத்தார்கள். என்ன விளையாடலாம் என்று பிள்ளைகளே திட்டமிடுவார்கள். விளையாடி முடித்ததும் என்ன செய்தோம் என்று பேசுவார்கள். அறிவுத்திறன் சோதனையில் அவர்கள் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு வருமானம் கூடுதல், கைது குறைவு. 2000-ல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் பிற்பாடு இந்தத் தரவுகளை ஆராய்ந்து, சிறுவயதில் திருந்திய நடத்தை இந்தப் பலன்களில் கணிசமான பங்குக்குக் காரணம் என்று காட்டினார்.

கோபத்தை அடக்குவதையும் முறை வரும்வரை பொறுப்பதையும் பாடமாக நடத்த முடியாது. விளையாட விட வேண்டும். அதற்குக் காசு செலவழித்துச் சாமான் வாங்க வேண்டியதில்லை. கொலைகொலையா முந்திரிக்கா ஒன்று போதும். துணி தன் முதுகுக்குப் பின்னால் விழுமோ என்று மனம் அடித்துக்கொண்டாலும் வட்டத்தில் அசையாமல் உட்கார வேண்டும். விழுந்தது தெரிந்ததும் பாய்ந்து ஓட வேண்டும். நான்கு வயதுக்கு இது கடுமையான பயிற்சி. தோற்றவனை மற்றவர்கள் கேலி செய்யாமல் மட்டும் நீ பார்த்துக்கொள்.

இந்த டெல்டா மாவட்டங்களின் பிள்ளைகள் பெரிய துயரங்களையும் பார்த்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் குழுவினர் வந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளைகளைப் பேசவும் வரையவும் விளையாடவும் விடச் சொன்னார்கள். பிள்ளைகள் அலையை வரைந்தார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. இனியும் புயல் வரும். அப்படியொரு நாளுக்குப் பிறகு, ஒரு குழந்தை விழுந்த மரத்தையே திரும்பத் திரும்ப வரைந்தால் தடுக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வரைந்திருக்கிறாய் என்று கேள். முடிந்தவரை சீக்கிரம் வழக்கமான நேரத்துக்கே மையத்தைத் திற. அதே பாய், அதே பாட்டு, அதே சோற்று நேரம் என்பது பயந்த பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். வாரக்கணக்கில் தூங்காமலோ பேசாமலோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவை.

சமையலும் சுத்தமும் பார்க்கிற உதவியாளர் அம்மாவிடமும் இதையெல்லாம் பேசிவிடு. நீ ஒரு பிள்ளையைச் சமாதானம் செய்துகொண்டிருக்கும்போது அவர் பூச்சாண்டியைக் கூப்பிட்டால் உன் பாடெல்லாம் வீண். அவர் அந்த ஊர்க்காரர். எந்த வீட்டில் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார், எந்த வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பெற்றோர் கூட்டத்தில், “அ, ஆ எழுதத் தெரியுமா?” என்றுதான் கேட்பார்கள். எழுத்துக்குக் காலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவரவர் பிள்ளையைப் பற்றி ஒன்றாவது குறிப்பாகச் சொல்: கை கழுவ வரிசையில் நிற்கிறாள், அழுகிற புதுப் பையனுக்குத் தன் பொம்மையைக் கொடுத்தாள் என்பது போல. அதற்கு நீ தினமும் கவனித்து எழுதி வைக்க வேண்டும். முதல் நாளே அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்