கடல் பார்த்த வீடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சித்திரை பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். வேலூருக்கும் அதற்கும்தான் போட்டி. பகலெல்லாம் வெயிலை வாங்கிய பாறை இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும் மலையடிவார ஊரில், ஓய்வுக்காலத்தைக் கடலோரத்தில் கழிக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. அரக்கோணம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், ஆசிரியர் பணி முடித்துப் பணிக்கொடை வாங்கியவர் எனப் பலரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பழவேற்காடு பக்கத்திலோ ஒரு மனை, ஒரு சின்ன வீடு பார்க்கிறார்கள். திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கே கடற்கரை உண்டு என்பதால், அது எட்டாத கனவும் இல்லை.

ஆனால் உள்நாட்டில் மனை வாங்கிப் பழகியவர் கையில் இருக்கும் அளவுகோல் கடலோரத்தில் பாதிதான் உதவும். வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம்பிப் போகும் சில விஷயங்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை: பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தால் வீடு கட்டலாம்.

பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. கடலோரத்தில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது, 1991 பிப்ரவரி 19 அன்று முதலில் வெளியாகி 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின்போது கடல்நீர் எதுவரை ஏறுகிறதோ அதை வைத்து உயர் அலைக் கோடு வரையப்படுகிறது. அங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த அறிவிப்பின் பிடிக்குள் வரும்.

ஊரகப் பகுதிகளில் 2011 அறிவிப்பின்படி முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு கட்ட வழியில்லை. 200-க்கும் 500-க்கும் இடையில் கட்டலாம் என்றாலும், அந்த அனுமதி மீனவக் கிராமங்கள் போன்ற பாரம்பரிய உரிமையுள்ள குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உயரமும் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு தளம்தான். 2019 அறிவிப்பு, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. தரகர்கள் விரும்பிச் சொல்வது இதைத்தான். அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: மாநிலத்தின் கடலோர மேலாண்மை வரைபடம் புதிய விதிப்படி திருத்தப்பட்டு ஒப்புதல் பெறும்வரை பழைய விதிதான் செல்லும். ஆகவே "இப்போதெல்லாம் ஐம்பது மீட்டர்தான் சார்" என்று யாராவது சொன்னால், எந்த வரைபடத்தின்படி, எந்தச் சர்வே எண்ணுக்கு என்று கேட்க வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் சட்டம் என்று நினைப்பவர்கள் கொச்சியை அடுத்த மரடில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. அங்கே காயல் ஓரத்தில் எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கு 2006-ல் உள்ளூர் பஞ்சாயத்து கட்டட அனுமதி கொடுத்திருந்தது. பணம் கட்டி, பத்திரம் முடித்து, மக்கள் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கடலோர மண்டல ஆணையத்தின் அனுமதி மட்டும் இல்லை. 2019 மே 8 அன்று அவற்றை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வீடு இழந்த உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகையில் கொச்சியில் இன்னொரு வீடு எங்கே கிடைக்கும்? தவறு செய்தவர் கட்டியவர், அனுமதித்தவர் அலுவலர். தெருவில் நின்றவர் வாங்கியவர்.

மரடு திறந்த கடலை ஒட்டியது இல்லை, காயலோரம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓதம் ஏறி இறங்கும் கழி, ஏரி, முகத்துவாரம் எல்லாவற்றின் கரைக்கும் விதி உண்டு. பழவேற்காட்டில் கடலிலிருந்து தள்ளி ஏரிப் பக்கமாக மனை பார்ப்பவர்கள் தப்பித்துவிட்டதாக எண்ண முடியாது. அங்கே பறவைகள் சரணாலயத்தின் கட்டுப்பாடுகளும் சேர்ந்து வரும்.

எல்லைக்கோடு ஒன்று ஊரின் தலையெழுத்தை மாற்றும் என்பது திருத்தணிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. மனையின் புலப்படத்தில் உயர் அலைக் கோடு எங்கே விழுகிறது என்பதை அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து, கால்நடையாக அளந்து சொல்லக்கூடிய கோடு இல்லை அது. சர்வே எண்ணைக் கொண்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்பிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதுதான் ஆதாரம்.

நம்பிக்கை: ஆந்திரா பக்கம் போனால் இந்தத் தொல்லை இல்லை.

தடா, சூளூர்ப்பேட்டை பக்கம் விலை குறைவு என்று திருத்தணியில் பேச்சு உண்டு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. ஆனால் இந்த அறிவிப்பு, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிட்டது. மாநில எல்லை தாண்டியதும் தளர்ந்துவிடாது.

நம்பிக்கை: பத்திரப்பதிவு ஆகிவிட்டால் அரசே ஒப்புக்கொண்ட மாதிரி.

சார்பதிவாளர் பதிவு செய்வது பரிமாற்றத்தை. மனைப்பிரிவுக்கு நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் உண்டா என்பது தனி விஷயம். 2016 அக்டோபரிலிருந்து அங்கீகாரமில்லாப் புது மனைகளைப் பதிய தமிழ்நாட்டில் தடை இருப்பதே அதனால்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ போடும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் கடலோர அனுமதியின் இடத்தை இவை நிரப்பாது.

நம்பிக்கை: கடல் முந்நூறு அடி தள்ளித்தானே இருக்கிறது, அங்கேயேதான் இருக்கும்.

கடற்கரை நகரும். சென்னையைவிட இதற்கு நல்ல சாட்சி வேண்டியதில்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நேரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கத் தொடங்கியது. அகன்ற மெரினாவைப் பார்த்து வியக்கும் நகரம், வடக்கே தெருத்தெருவாகக் கடலுக்குப் பறிகொடுத்த குப்பங்களை நினைப்பது குறைவு. இன்று அங்கே கரை என்பது பெரும்பாலும் கொட்டிவைத்த பாறைகளும் தூண்டில் வளைவுகளும்தான்.

புதுச்சேரியிலும் இதே கதை. 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்தது; அதற்கு வடக்கே, நகரத்தின் முகப்பில் இருந்த மணல்பரப்பு கரைந்து வெறும் கற்சுவர் மிச்சமானது. பிற்பாடு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்க வேண்டியிருந்தது.

ஆகவே மனையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மட்டும் போதாது. தெற்கே எந்தத் துறைமுகம், எந்தத் தூண்டில் வளைவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் வடக்கே மனை தேடுகிறவருக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பாகப் பொருந்தும். பழைய செயற்கைக்கோள் படங்களைக் கைபேசியிலேயே ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், சிறு வயதில் படகு எங்கே ஏற்றி வைப்பீர்கள் என்று கேட்டாலும் பதில் கிடைத்துவிடும்.

நம்பிக்கை: சுனாமி எப்போதோ வருவது, அதைவிட்டால் பயமில்லை.

2004 டிசம்பர் 26-ஐ மறந்தவர் யாரும் இல்லை. அதனாலேயே கடலோர ஆபத்து என்றால் சுனாமி மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். வட கடலோரத்தை அடிக்கடி சோதிப்பது புயலும் மழையும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையின் மேல் கரையேறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் நின்று நிதானமாகக் கொட்டிவிட்டு, ஆந்திராவின் பாபட்லா பக்கம் போய்க் கரை கடந்தது.

வெள்ளம் கடலிலிருந்து வரும் என்பதும் முழு உண்மை இல்லை. பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வருகிறது. திருத்தணியில் பெய்யும் மழை நந்தியாற்றில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, பூண்டி ஏரி நிரம்பினால் அங்கிருந்து வழிந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேருகிறது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டு ஆறு பெருகியபோது மணலி புதுநகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடலும் அந்த நேரம் ஓதத்தில் ஏறி நின்றால் ஆற்று நீர் வடிய வழி இருக்காது. மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து ஓடிவந்து எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. மலையிலிருந்து கிளம்பிய அதே தண்ணீரின் கடைசி வாசலில் வீடு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மனையைக் கோடை விடுமுறையில் பார்ப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் போய்ப் பார்ப்பதுதான் உதவும். பக்கத்து வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற தடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை யாரும் மறைத்துவைக்க முடியாது.

நம்பிக்கை: பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர்.

சில இடங்களில் இது உண்மைதான். மணல்மேட்டில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் குறைந்தால், கீழே உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறிவிடும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் ஓட்டினால் நடப்பது இதுதான்.

திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர் இதை அனுபவித்த ஊர். சென்னையின் தாகத்துக்காகவும் பாசனத்துக்காகவும் அங்கே நிலத்தடி நீர் பெருமளவு உறிஞ்சப்பட்டது. 1969-ல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த கடல்நீர் 1980-களில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை வந்தது. தோட்டக் கிணறுகள் கரித்தன. இன்று அதே பகுதியில், காட்டுப்பள்ளியில், 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது.

மே மாதத்தில், பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்ப்பது எளிய சோதனை. அந்த வீட்டில் சோறு வடிக்க எந்தத் தண்ணீர், கேன் யார் போடுகிறார்கள், லாரி வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று கேட்டால் மிச்சமும் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: கட்டுமானச் செலவு எங்கேயும் ஒன்றுதான்.

உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியைத் தேடிப் போகும். துரு ஏறிய கம்பி பருத்து, மேலிருக்கும் பூச்சைத் தள்ளும். பத்து வயதான வீடு ஒன்றை வாங்குவதானால், பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பி ஓடும் வரிசையில் நேர்கோடாகப் பழுப்பு விரிசல் இருந்தால், மேலே அடித்திருக்கும் புது பெயின்ட் எதற்கு என்று புரிந்துவிடும். ஜன்னல் கிரில்லின் மூலை, ஏசி வெளிப்பெட்டியின் தாங்கி, தண்ணீர்த் தொட்டியின் ஏணி ஆகிய மூன்றையும் தொட்டால் கையில் துரு ஒட்டுகிறதா என்பதும் ஒரு கணக்கு.

புதிதாகக் கட்டுவோருக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 456 தெளிவாகச் சொல்கிறது: கடலோரச் சூழலில் குறைந்தது எம்30 கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம். கடல்நீர்த் திவலை நேரே படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். திருத்தணியில் வீடு கட்டிய அதே மேஸ்திரியை அழைத்துப் போய் அதே கலவையைப் போடச் சொல்வது, பிற்பாடு பழுதுச் செலவாக வந்து நிற்கும்.

நம்பிக்கை: அமைதியான, ஆளில்லாத கரை.

ஆளில்லாக் கரை என்று விளம்பரத்தில் வருவது பல இடங்களில் ஒரு குப்பத்தின் வேலைக்களம். வலை உலர்வதும் படகு ஏறுவதும் மீன் ஏலம் போவதும் அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் இடம் பார்த்து, இவ்வளவு அமைதியா என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தவர், ஜூலையில் விடியற்காலை மூன்று மணி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. அவர்கள் முன்பே அங்கே இருந்தவர்கள். பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறை என்ற பழைய ஊர் ஏற்பாடு தீர்மானித்து வந்திருக்கிறது. கரையை மறித்து வேலி போடும் வளாகத்தில் வீடு வாங்குகிறவர், அந்த ஊருடன் ஒரு தகராறையும் சேர்த்து வாங்குகிறார்.

நம்பிக்கை: இன்சூரன்ஸ் இருக்கவே இருக்கிறது.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் அடங்கும். எடுத்துக்கொள்ள வேண்டிய பாலிசிதான். ஆனால் உப்பில் மெல்ல மெல்லத் துருப்பிடித்த கம்பிக்கும், விதி மீறியதாக இடிக்கப்பட்ட வீட்டுக்கும் அதில் பணம் வராது. அதற்கான பாதுகாப்பை விற்பனை ஒப்பந்தத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கடலோர மண்டல அனுமதி இந்தச் சர்வே எண்ணுக்குக் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரி போதும். அந்த வரியைச் சேர்க்க விற்பவர் தயங்கினால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திருத்தணி ரயில் ஏறிவிடலாம்.