கல்லுக்கு அவசரம் இல்லை

சிரஞ்சீவி வள்ளிக்கு,

சேலத்துக் கல்சட்டிகளையும் அம்மிகளையும் இணையத்தின் வாயிலாக விற்கத் தொடங்கியிருக்கும் நீ, பன்னிரண்டு கிலோ அம்மி ஒன்றைத் தில்லிக்கு அனுப்பக் கூரியர்க்காரர் கேட்ட கூலி அம்மியின் விலையையே விஞ்சிவிட்டதென்று வருந்தி எழுதிய கடிதம் கிடைத்தது. லாரி புக்கிங் ஆபீஸில் ரசீது எழுதியே உத்தியோக காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

கூரியர்க்காரர் வாங்கும் பணம் வேகம், வாசல்வரை கொண்டு சேர்த்தல் என்ற இரண்டு சௌகரியங்களுக்கானது. மருந்துக்கும் முக்கியப் பத்திரங்களுக்கும் அவை அவசியந்தான். ஆனால் மூன்று தலைமுறைக்கு உழைக்கப் போகிற அம்மி நாளைக் காலையிலேயே வந்தாக வேண்டுமென்று எந்தச் சமையலறையும் தவங்கிடக்கவில்லை. ஆகையால் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கை லாரி பார்சல் சர்வீஸில் குடோன் டெலிவரியாகப் போட்டு, வாங்குகிறவர் தம் ஊர் ஆபீஸில் எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் நகலைக் காட்டி எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதே உத்தமம். கூலியை முன்பே வசூலித்து ‘பெய்ட்’ என்று புக் செய். முகமறியாதவருக்கு, வாங்குகிறவரே கூலி கட்டும் ‘டு பே’ போட்டு, அவர் எடுக்க மறுத்துவிட்டால், போகவர இரண்டு கூலியும் குடோன் வாடகையும் உன் தலையில் விழும்.

வெளிமாநிலத்துக்கு ரயில் பார்சல் உண்டு. ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரைதான். வந்த சரக்கை உரிய நேரத்துக்குள் எடுக்காவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். லாரியும் ரயிலும் எட்டாத கிராமத்துக்குத் தபாலாபீஸே கதி. ஸ்பீட் போஸ்டில் 35 கிலோ வரையில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி, நீ கவனியாத ஒரு விஷயம். பெரும்பாலான கூரியர்கள் தராசை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, விமானச் சரக்கானால் வழக்கமாக 5000-ஆல் வகுத்து, வருகிற கிலோ தராசு எடையைவிட அதிகமானால் அதற்கே கூலி போடுகிறார்கள். மூன்று கிலோக் கல்சட்டியை 35, 35, 30 அளவுள்ள பெட்டியில் வைத்தால் ஏழு கிலோவுக்கு மேல் கணக்காகும். அதையே 30, 30, 20 பெட்டியில் நெருக்கி வைத்தால் 3.6 கிலோதான். பாதிக் கூலி வெறும் காற்றுக்குப் போகிறது! இரண்டு சட்டி கேட்பவருக்குப் பெரியதனுள் சிறியதை வைத்து, இடையில் வைக்கோலை இறுகத் திணித்து அனுப்பு. சட்டி செய்யும் மாக்கல் மிருதுவானது, ஆடினால் விளிம்பு தெறித்துவிடும்.

உடைந்தால் நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். அதிகப் பொறுப்புக்கான கூடுதல் கூலியைக் கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தையொட்டிய விதிகளின்படி லாரிக் கம்பெனியின் பொறுப்பு கூலியின் பத்து மடங்கோடு நின்றுவிடும். ஆதலால் விலையுயர்ந்த சரக்குக்கு மதிப்பை எழுதிக் கொடுத்து, அந்தக் கூடுதல் கூலியையும் கட்டச் சோம்பாதே.

‘இலவச டெலிவரி’ என்று நீ விளம்பரம் செய்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. விலையில் கூலியை ஒளித்து வைத்தால், பக்கத்து ஊர்க்காரர் தில்லிக்காரருடைய கூலியையும் சேர்த்துச் சுமக்கிறார், இது நியாயமா? விலை வேறு, கூலி வேறு என்று பகிரங்கமாகப் போடு. அந்தத் தில்லிக்காரருக்கும் இன்றே எழுதி, ஸ்டேஷனுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேள். இல்லையென்றால் தபால் கூலியைச் சொல்லி, அவரையே தீர்மானிக்க விடு.

இப்படிக்கு,
பெரியப்பா