பழைய புல்லட்டும் கார்புரேட்டரும்

1950-களில் சென்னையில் இணைத்துக் கட்டத் தொடங்கப்பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிள், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரங்களில் கிராமத்துக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் இடையே இன்றும் ஓடக் காண்கிறோம். வண்டி நின்றுவிட்டால் பழி கார்புரேட்டர்மீதே விழுகின்றது. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் நன்று. முனை கரிபடிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் குறைவு. காற்று வடிகட்டியைத் தூசி அடைத்தாலும் முனை கறுக்கும்; அவ்வாறாயின் கார்புரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

பெட்ரோல் வெளியே வழிந்தால், பெரும்பாலும் மிதவையின் ஊசி முனையில் தூசி சிக்கியிருக்கும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினால் தீரும். நுண்துளையுள்ள பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தலாகாது. நாம் ஒருமுறை குண்டூசியால் குத்தினோம்; துளை அகன்றுவிட்டது. புதிய ஜெட் வாங்கும்வரை வண்டி குடித்த பெட்ரோலுக்கு அலுவலகக் கணக்கில் விளக்கம் எழுத நேர்ந்தது! பஞ்சர் கடைக் காற்றே போதும்.

இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்து வருகின்றது. அது ஈரத்தை ஈர்ப்பது. நீர் மிகுந்தால் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாயும் வாஷரும் அதனால் ஊறி நைந்துபோகலாம். ஆதலின் மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் நிறுத்துவோர், பெட்ரோல் டேப்பை மூடிக் கிண்ணத்திலுள்ளதை வடித்துவிடல் வேண்டும். அவ்வேளை அருகில் பீடி நெருப்பும் இருத்தலாகாது.