80யு பிரிவை அறிவோம்: மனநோயும் வருமான வரியும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். கணிதம் எடுக்கிறேன் என்பதால் வருமான வரிப் படிவம் நிரப்பும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. களஞ்சியம் வந்து மாதாமாதம் பிடித்தம் நடக்கும் இந்நாளிலும், "டீச்சர், பழைய முறையா புதிய முறையா, எது லாபம்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் குறையவில்லை. உங்கள் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

அந்தப் படிவத்தில் எல்லாரும் கடந்து போகும் வரி ஒன்று உண்டு. 80யு என்று இருக்கும். "மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்" என்று எங்கள் பழைய படிவத்தில் அச்சிட்டிருக்கும். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும்தான் நம் மனத்தில் தோன்றும். கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும் என் படிவத்தில் ஆண்டுதோறும் கோடுதான் போட்டேன். எனக்கு 2014 முதல் இருமுனைக் கோளாறு இருக்கிறது. ஒரு காலத்தில் தூக்கமே வேண்டாம், உலகையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். இன்னொரு காலத்தில் குளியலறைக்குப் போகவே அரை மணி நேரம் மனத்தைத் திரட்ட வேண்டும். லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதனால் வரும் கை நடுக்கத்தில் கரும்பலகையில் வட்டம் வரைந்தால் முட்டை வடிவில் வரும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

2019-20 நிதியாண்டில் எல்லாக் கழிவுகளும் போக என் வரிக்குரிய வருமானம் 5,60,000 ரூபாய். முதல் இரண்டரை இலட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த இரண்டரை இலட்சத்துக்கு 5 விழுக்காடு, 12,500. மீதி 60,000-க்கு 20 விழுக்காடு, 12,000. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் வரி. மொத்தம் 25,480 ரூபாய் கட்டினேன். 80யு-வின் 75,000 ரூபாயைக் கழித்திருந்தால் வருமானம் 4,85,000 ஆகியிருக்கும். ஐந்து இலட்சத்துக்குள் வந்தால் முழு வரியும் தள்ளுபடி. அதாவது ஒரு ரூபாய் கூடக் கட்டியிருக்க வேண்டாம். பிறர் படிவத்தில் நூறு ரூபாய் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கும் நான், என் படிவத்தில் 25,480 ரூபாயை விட்டேன். எனக்கு அது பொருந்தும் என்றே தெரியாது. தெரிந்தபின்பும் மூன்று ஆண்டுகள் தயங்கினேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு, இந்தியாவில் வசிக்கும் மாற்றுத்திறனாளியான ஒருவர் தம் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பாதிப்பு 80 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாய். எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்பதில்லை. மருந்துச் சீட்டோ ரசீதோ தேவையில்லை. குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு என்று மருத்துவச் சான்று வேண்டும், அவ்வளவுதான். இச்சலுகைக்கான மாற்றுத்திறன் வகைகளில் மனநோயும் ஒன்று. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகைகளிலேயே அது இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கியது. அதில் மனநோய்க்குத் தரப்பட்ட விளக்கம் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. சிந்தனை, மனநிலை, உணர்ந்தறிதல், நினைவு ஆகியவற்றில் ஏற்படும் பெரும் கோளாறு ஒருவரின் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பதையே பார்க்கிறது.

"நான்தான் வேலைக்குப் போகிறேனே, சம்பளம் வாங்குகிறேனே, நான் எப்படி மாற்றுத்திறனாளி?" என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி. இதையே இரண்டு ஆசிரியர்கள் என்னிடம் பின்னாளில் கேட்டார்கள். சற்று யோசித்தால் விடை அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. வருமானம் இல்லாதவருக்கு வருமான வரிக் கழிவு எதற்கு? நோயோடு இருந்துகொண்டே உழைத்துச் சம்பாதிப்பவரை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பிரிவே எழுதப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போவது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

சான்று பெறும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலர் இடறும் இடம் இது. பார்வைக் குறைபாட்டுக்கும் கைகால் பாதிப்புக்கும் அளவுகோல் இருப்பதுபோல மனநோய்க்கும் ஓர் அளவுகோல் உண்டு. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. ஐடியாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இதில் கூடுதல் மதிப்பெண் என்றால் கூடுதல் பாதிப்பு. நம் வழக்கத்துக்கு நேர் எதிர். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் என்றால் 1, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 2, ஆறு முதல் பத்து வரை 3, அதற்கும் மேல் 4. ஆக மொத்தம் 20. ஏழு வந்தால் 40 விழுக்காடு.

2022இல் மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என் அக்காவுடன் போனேன். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலையைப் பற்றிக் கேட்டபோது, "வேலையில ஒரு குறையும் இல்ல சார். பத்தாம் வகுப்புக்கு நல்ல ரிசல்ட் கொடுத்திருக்கேன்" என்றேன். முப்பது பேர் முன்னால் நின்று நின்று நமக்கு வந்த பழக்கம் அது. யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்போம். மருத்துவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சொன்னார்: "போன வருஷம் ரெண்டு மாசம் மெடிக்கல் லீவுல இருந்தா சார். அதுக்கு முந்தின வருஷம் நாப்பது நாள். பேப்பர் கட்டு வீட்டுக்கு வந்தா நான்தான் மார்க் கூட்டிப் போடுவேன். இவளால உக்கார முடியாது. விசேஷ வீட்டுக்கு வர்றதே இல்ல." நான் அக்காவை முறைத்தேன். வெளியே வந்து பத்து நிமிடம் பேசவும் இல்லை. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தன்னைப் பேணுதலில் 1, பழகுவதில் 2, பேசுவதில் 0, வேலையில் 2, எட்டு ஆண்டு நோய்க்கு 3. மொத்தம் எட்டு. அக்கா வராமல் நான் மட்டும் போயிருந்தால் ஐந்தைத் தாண்டியிருக்காது.

ஆகவே இச்சான்றுக்குப் போகும் ஆசிரியருக்கு நான் சொல்வது இதுதான்: உங்களை நல்ல நாளில் மட்டுமல்ல, மோசமான நாளிலும் பார்த்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள், உள்நோயாளியாக இருந்திருந்தால் அதன் விடுவிப்புச் சுருக்கம், எடுத்த மருத்துவ விடுப்பின் விவரம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தை ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிவு செய்தால் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். உதவி தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

இந்த அளவுகோலில் எனக்கு ஒரு குறை உண்டு. மருந்து சரியாக வேலை செய்து, குடும்பமும் தாங்கிப் பிடித்தால் மதிப்பெண் குறைகிறது. 40-க்குக் கீழே போனால் சலுகை இல்லை. மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவோ அப்படியே இருக்கிறது. நன்றாகச் சிகிச்சை பெறுபவர் இழப்பதற்கு வழிசெய்யும் கணக்கு இது.

மனநோய்க்குத் தரப்படும் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். அது காலாவதியாகும் நிதியாண்டு முடியும் வரை கழிவு கிடைக்கும். அடுத்த நிதியாண்டுக்குப் புதிய சான்று வேண்டும். 10-ஐஏ படிவம் வேண்டும் என்று சிலர் அலைக்கழிப்பார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைப் பாதிப்பு ஆகியவற்றுக்கு உரியது. மனநோய்க்கு மருத்துவக் குழு தந்த சான்றே போதும்.

இனி என்னை மூன்று ஆண்டுகள் தயங்க வைத்த சிக்கலுக்கு வருகிறேன். பள்ளி வழியாகக் கழிவு கேட்டால் சான்றின் நகல் தலைமையாசிரியர் மேசைக்குப் போக வேண்டும். அவர்தானே பணம் பெற்று வழங்கும் அலுவலர். அங்கிருந்து எழுத்தர், அங்கிருந்து ஆசிரியர் அறை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மனநலச் சிகிச்சை எடுத்த ஓர் ஆசிரியையின் பெயரைச் சொல்லாமல் "அந்த மாத்திரை டீச்சர்" என்றே சொல்வார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு நோய் வரவில்லை.

இதற்கு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பள்ளியில் எதுவும் சொல்லாமல், அவர்கள் பிடிக்கும் வரியைப் பிடிக்க விட்டுவிடலாம். பிறகு ஜூலை 31-க்குள் நீங்களே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது 80யு கழிவைக் கோரலாம். படிவம் 16-இல் அது இல்லாவிட்டாலும் தடையில்லை. கூடுதலாகப் பிடித்த தொகை உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். சான்றைக் கணக்குடன் இணைக்க வேண்டியதில்லை; துறை கேட்டால் காட்டப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2022-23க்கு நான் அப்படித்தான் செய்தேன். 20 விழுக்காட்டு அடுக்கில் இருந்ததால் 15,600 ரூபாய் திரும்பி வந்தது. அதில் அக்காவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்தேன்.

தலைமையாசிரியரிடம் பிறகு நானே சொன்னேன். எல்லாரும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. அது அவரவர் முடிவு. ஆனால் பயந்து மறைப்பவர்கள் சில சட்டங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆகிவிட்டார் என்பதற்காக ஓர் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் எனக் கொள்ளக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். மத்திய ரிசர்வ் காவல் படையில் மனநோயோடு பணியாற்றிய ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்ட வழக்கில், மனநோய் அந்த நடத்தைக்கு ஒரு காரணமாக இருந்தால் அத்தகைய நடவடிக்கையும் பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முடிக்க முடியாது. 80யு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய முறையைத் தெரிவு செய்தால், நிலையான கழிவு 75,000 சேர்த்து 12,75,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு வரியே இல்லை. அவர்களுக்கு 80யு தேவைப்படாது. நம்மில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வந்துவிடுவோம்.

அதற்கு மேல் வாங்குபவர் இரண்டு முறையிலும் கணக்கிட வேண்டும். ஆண்டுச் சம்பளம் 14 இலட்சம் என்று கொள்வோம். புதிய முறையில் வரி 81,900. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000, மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவக் காப்பீடு 50,000 எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 9 இலட்சம், வரி 96,200. இங்கே 75,000 கழித்தால் 80,600. புதிய முறையைவிட 1,300 ரூபாய்தான் குறைவு. 80 விழுக்காட்டுச் சான்று உள்ளவருக்கு 70,200; அவருக்கு 11,700 மிச்சம். இவற்றில் வீட்டுக் கடன் ஒன்று இல்லாமல் போனாலும் புதிய முறையே லாபம். பழைய முறை வேண்டுவோர் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் புதிய முறைதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், காலில் பாதிப்பு உள்ளோர் பெறும் போக்குவரத்துப்படிக்குப் புதிய முறையிலும் மாதம் 3,200 வரை விலக்கு இருக்கிறது. மனநோய்க்கென்று அங்கே ஒரு வரியும் இல்லை.

80டிடி பற்றியும் ஒரு சொல். மனச்சிதைவு நோயோடு உங்களை அண்டி வாழும் தம்பியோ, அம்மாவோ, கணவரோ, மகளோ இருந்து, அவர்கள் சிகிச்சைக்கு நீங்கள் செலவு செய்தால் அதே 75,000 அல்லது 1,25,000 ரூபாயை நீங்கள் கழிக்கலாம். சான்று அவர் பெயரில் இருக்க வேண்டும். அவர் தனியாக 80யு கோரியிருக்கக் கூடாது. இதுவும் பழைய முறைக்கே. சான்றே இல்லாமல் இந்த இரண்டு கழிவையும் போட்டுப் பணம் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்க் கழிவுக்கு அபராதமும் வட்டியும் நம் தலையில்தான் விழும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். அடுத்த ஆண்டுப் படிவத்தில் 80யு என்று தேடிக் காணவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

இந்த ஆண்டு என் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி இல்லை. ஆனாலும் என் சான்று 2027இல் முடிகிறது. புதுப்பிக்க அக்காவை அழைத்துக்கொண்டுதான் போவேன். இம்முறை முறைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.