சம்பாவ் புல்லும் கேழ்வரகும்

தோட்டத்துச் சாலையோரத்திலும் லயத்து வாசலிலும் மிதிபட்டுக் கிடக்கும் புல் ஒன்று உண்டு. மலாய் மொழியில் 'ரும்புட் சம்பாவ்' என்பர். தாவர நூலார் இட்ட பெயர் எலூசின் இண்டிகா. கையால் பிடுங்க முயன்றவர் இதனை எளிதில் மறவார். வேர் அத்துணை உறுதி. நம் முன்னோர் களியும் கூழும் கிண்டி உண்ட கேழ்வரகுக்கு இது நெருங்கிய உறவு என்றால் நம்புவீர்களா?

முதலில் கண்ணால் காண்போம். ஒரு செடியின் தண்டில் மூன்று விளிம்புகள் தென்பட்டு, இலைகளும் மூன்று வரிசையில் அமைந்திருந்தால் அது கோரை, புல் அன்று. (பயிற்சிக் கல்லூரியில் இவ்விரண்டையும் மாற்றி எழுதி நான் மதிப்பெண் இழந்ததுண்டு.) சம்பாவின் இலைகள் இரண்டு வரிசையில் நிற்கும். அடித்தண்டு தட்டையாக, வெளுத்திருக்கும். உச்சியில் கதிர்கள் கைவிரல்கள்போல் விரியும். பெரும்பாலும் ஒரு விரல் மட்டும் சற்றுக் கீழே தனித்து நிற்கும். கேழ்வரகின் கதிரும் இவ்வாறே விரல் விரலாக அமைந்தது. ஆயினும் அது பருத்தது, மணியை எளிதில் உதிர்க்காதது. சம்பாவோ விதையை உதிர்த்துவிடும்.

எனினும் கண் ஏமாறும். ஆப்பிரிக்காவில் வளரும் காட்டுக் கேழ்வரகு சம்பாவைப் பெரிதும் ஒத்திருந்தமையால் அறிஞர்கள் இரண்டையும் நெடுநாள் ஒன்றாகவே கருதினர். மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணியபோதே வேறுபாடு தெளிந்தது. சம்பாவுக்கு 18, காட்டுக் கேழ்வரகுக்கு 36, நாம் உண்ணும் கேழ்வரகுக்கும் 36. ஆகவே கேழ்வரகு அந்த ஆப்பிரிக்கக் காட்டுச் செடியிலிருந்தே பயிராக்கப்பட்டது. அதன் 36இல் பாதி சம்பாவின் வழியோடு பொருந்துகிறது. இலையின் பசுங்கணிகத்தில் உள்ள, தாய்வழியாக வரும் மரபுப்பொருளும் அவ்வழியையே காட்டுகிறது.

இதனால் தோட்டத்தில் மருந்தடிப்பவருக்கு என்ன பயன்? 1997ஆம் ஆண்டில், கிளைபோசேட் களைக்கொல்லிக்கு மடியாத சம்பாவ் புல் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. அம்மருந்து புல்லின் உயிர்ப்புக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிக் கொல்வது. அந்நொதியை ஆக்கும் மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றத்தால் மருந்து அதனை முன்போல் பற்றுவதில்லை. மடியும் புல்லையும் மடியாப் புல்லையும் அருகருகே வைத்தால் தண்டு, இலை, கதிர் எதிலும் வேறுபாடு காணமுடியாது. மரபணுச் சோதனைதான் பிரித்துக்காட்டும்.

மருந்தடித்த பின்னும் பச்சையாக நிற்கும் புல்லைக் கண்டதும், "கலவையில் தண்ணீர் கூடிவிட்டது" என்று தொழிலாளியைக் கடிந்துகொள்வது எளிது. அது எப்போதும் நியாயமாகாது. அளவைக் கூட்டி அதே மருந்தை மீண்டும் மீண்டும் அடிப்பதும் தீர்வன்று. தப்பிய செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அவ்விதையும் தாயைப் போன்றே மருந்தைத் தாங்கும். சுற்றியுள்ள களைகள் கருகி, சம்பாவ் மட்டும் நின்றால், அவ்விடத்தைக் குறித்துத் தண்டலிடம் சொல்லுங்கள். விரல்கள் விரியுமுன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.