கடவுளும் பால்முடிபும்

‘கடவுள் தந்தார்’ என்கிறோம். ‘தெய்வம் தந்தது’ என்றும் சொல்கிறோம். பொருள் ஒன்றாயிருக்க, முடிபு வேறாவது ஏன்?

தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கெனப் பால்காட்டும் ஈறு இல்லை. அவை உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளைக் கொண்டே வழங்கும் என்பது தொல்காப்பியர் கருத்து (கிளவியாக்கம், 4). ‘தெய்வம்’ என்னும் சொல்லோ பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணைபோல் முடிகின்றது.

திருவனந்தபுரத்தைப் பாடிய நம்மாழ்வார், ஆண் பெண் என்னும் வகைகளுள் இறைவன் அடங்கான் என்கிறார் (திருவாய்மொழி, 2.5.10). (நானும் ‘அடங்கான்’ என்றே எழுதிவிட்டேன், பாருங்கள்!) அவர் மறுக்கும் சொற்களும் ‘அன்’ ஈற்றனவே. ஆண்பால் ஈற்றைக் கொண்டே ஆண்மையை மறுக்க நேர்ந்தது. தமிழில் படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் பால் காட்டியே முடியுமன்றோ?

நம் மலையாள நண்பர்களுக்கு இவ்விடர் குறைவு. அவர்தம் வினைமுற்று பாலீற்றை இழந்துவிட்டது. ஆற்றுகால் அம்மை வந்தாலும் பத்மநாபர் வந்தாலும் ‘வந்நு’ என்பதே முடிபு. ‘அவன், அவள்’ எனச் சுட்டும்போதுதான் அவர்க்கும் தொல்லை.

நாம் ‘ஆர்’ ஈற்றில் ஒதுங்குகிறோம். அது பாலை மறைக்கின்றது. ஆனால் ஒன்றான பொருளைப் பலராக்குகின்றது. சற்றே தொலைவிலும் நிறுத்துகின்றது. அடியார் பலரும் ‘நீ’ என்றே விளித்தனர். முன்னிலையில் பால் வேறுபாடே இல்லை.

இனி ஒரு வினா. மாணவர் ஒருவர் கட்டுரையில் ‘கடவுள் படைத்தாள்’ என்று எழுதினால் வழுவெனச் சுழிப்பதா? தொல்காப்பியர் விதி அதனைத் தடுக்கவில்லை. அம்மையை வழிபடுவார்க்கு அதுவே இயல்பான முடிபு. மதிப்பெண் குறைத்தல் தகாது என்பேன்.